உப்புப் பாத்தியில் பகா எண்கள்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்தைக் கடந்து செல்வோர், வரப்பு கட்டிப் பிரித்த உப்புப் பாத்திகளைக் கண்டிருப்பீர்கள். கணக்கு நோட்டின் கட்டங்களே தரையில் விரிந்தாற்போல் தோன்றும். வரிசைக்கு ஏழாக 49 பாத்திகளை மனத்தில் எடுத்துக்கொள்வோம். நடுப்பாத்திக்கு 1, அதன் வலப்புறம் 2, அதற்கு மேல் 3 என்று நத்தை ஓட்டைப் போலச் சுற்றிச் சுற்றி எண்ணிட்டால் இவ்வாறு அமையும்:

37 36 35 34 33 32 31
38 17 16 15 14 13 30
39 18 5 4 3 12 29
40 19 6 1 2 11 28
41 20 7 8 9 10 27
42 21 22 23 24 25 26
43 44 45 46 47 48 49

1-ஆலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடும், 1-ஐ விடப் பெரிய எண்ணே பகா எண். 49 வரை அத்தகையவை 15 உள்ளன. இரு மூலைவிட்டங்களிலும் சேர்த்து 13 கட்டங்களே இருந்தும், அவற்றில் 3, 5, 7, 13, 17, 31, 37, 43 என எட்டுப் பகா எண்கள் அமர்ந்துவிட்டன! மற்ற 36 கட்டங்களுக்குக் கிடைத்தவை ஏழுதான்.

இதைக் கண்டவர் ஸ்டானிஸ்லா உலாம் என்னும் கணித அறிஞர். 1963-ல் ஒரு கூட்டத்தில் நீண்ட, சுவையற்ற கட்டுரை ஒன்று வாசிக்கப்பட்டபோது, பொழுது போகாமல் தாளில் இப்படிக் கிறுக்கினாராம். (நாம் வகுப்பில் கிறுக்கினால் என்ன கிடைக்கும் என்பது யாவரும் அறிந்ததே!) பின்னர் கணிப்பொறியைக் கொண்டு சுமார் 65,000 எண்கள் வரை பார்த்தபோதும் பகா எண்கள் சாய்கோடுகளில் திரண்டு நின்றன.

காரணத்தில் ஒரு பாதி எளிது. அடுத்தடுத்த எண்கள் பக்கத்துக் கட்டங்களில் வருவதால், ஒற்றையும் இரட்டையும் சதுரங்கப் பலகையின் கறுப்பு வெள்ளை போல் மாறி மாறி அமைகின்றன. ஆகவே ஒரு சாய்கோட்டில் எல்லாம் ஒற்றையாக இருக்கும். அல்லது எல்லாம் இரட்டையாக இருக்கும். இரட்டை எண்களில் 2 ஒன்றுதான் பகா எண். எனவே பகா எண்கள் ஒற்றைக் கோடுகளில்தானே சேர வேண்டும்? ஆனால் எல்லா ஒற்றைக் கோடுகளும் சமமல்ல. 9, 25, 49 என்று செல்லும் கோடு வெறும் வர்க்க எண்கள். அதில் ஒரு பகா எண்ணும் வராது.

இப்போது நடுவில் 1-க்குப் பதில் 41-ஐ வைத்து அதே முறையில் சுற்றுங்கள். வலது மேல் மூலையிலிருந்து இடது கீழ் மூலைக்குச் செல்லும் கோட்டில் 71, 53, 43, 41, 47, 61, 83 என ஏழும் பகா எண்கள்! ஆய்லர் 18-ஆம் நூற்றாண்டிலேயே கண்ட வரிசை இது. ஓர் எண்ணின் வர்க்கத்தோடு அந்த எண்ணையும் 41-ஐயும் கூட்ட வேண்டும். 0 முதல் 39 வரை நாற்பது முறையும் பகா எண்ணே வரும். 40-ஐப் போட்டால் 1681. அது 41 × 41. நாற்பது முறை பலித்தது நாற்பத்தோராம் முறை பொய்த்துவிட்டது. நம் இராமானுஜன்கூட 1913-ல் சென்னையிலிருந்து ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில், ஓர் எண்ணுக்குக் கீழ் எத்தனை பகா எண்கள் உண்டு என்பதற்கு மிக நெருங்கிய விடை கண்டதாகக் குறிப்பிட்டார். அதிலுள்ள பிழை அவர் எண்ணியதைவிடப் பெரிது என்பது பின்னரே தெரிந்தது.

மீண்டும் நம் முதல் சதுரத்தில் 5, 17, 37 செல்லும் கோட்டைப் பாருங்கள். இவை 2, 4, 6 ஆகியவற்றின் வர்க்கத்தோடு 1 கூட்டியவை. அடுத்து வரும் 65 பகா எண் அல்ல. அதற்கடுத்த 101 பகா எண். இக்கோட்டில் பகா எண்கள் முடிவின்றி வந்துகொண்டே இருக்குமா? எட்மண்ட் லாண்டாவ் 1912-ல் கேம்பிரிட்ஜில் கூடிய கணித மாநாட்டில் கேட்ட கேள்விகளுள் ஒன்று இதுவே. ஆம் என்றோ இல்லை என்றோ இன்றுவரை ஒருவரும் நிறுவவில்லை.