காற்று ஓரிடம், கம்பி ஓரிடம்

தமிழ்நாட்டில் 10,000 மெகாவாட்டுக்கு மேல் காற்றாலைகள் நிறுவப்பட்டிருந்தும், அவற்றுள் பெரும்பாலானவை ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, கம்பம், பாலக்காடு ஆகிய கணவாய்களை ஒட்டியே நிற்பதற்குக் காரணம், தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடக்க அவற்றையே வாயிலாகக் கொள்வதுதான். தருமபுரிக்கும் தொப்பூர்க் கணவாய் உண்டே என்பாருண்டு. அது கடற்காற்று நுழையும் வாயில் அன்று.

காற்றின் வேகம் பாதியானால் அதன் சக்தி பாதியாவதில்லை, எட்டில் ஒரு பங்காகிவிடுகிறது. ஆதலால் வைகாசி முதல் புரட்டாசி வரை விசையோடு சுழலும் அதே விசிறிகள், பாலக்கோட்டுத் தக்காளித் தோட்டங்களில் ஆழ்துளைக் கிணற்று மோட்டார்கள் ஓயாமல் ஓடவேண்டிய பங்குனியிலும் சித்திரை முற்பகுதியிலும் அநேகமாகச் சும்மா நிற்கின்றன. அந்தக் குறையை நிரப்ப மேட்டூர் போன்ற அனல்மின் நிலையங்கள் சித்தமாயிருக்க வேண்டும். காற்று பலமாக வீசும் நாட்களிலோ அவை தம் உற்பத்தியைத் தாழ்த்த வேண்டும். நிலக்கரிக் கொதிகலனை நினைத்தவுடன் மூட்டவும் அணைக்கவும் இயலாதாகையால், அது தாழ முடியாத எல்லையை எட்டும்போது, ஓடக்கூடிய காற்றாலைகளையே நிறுத்தி வைக்கும்படி நேரிடுகிறது. பாட்டரியில் சேமிக்கலாமே என்றால், பல மாத இடைவெளியைத் தாங்குமளவு சேமிப்பதற்கு ஆகும் செலவு அபாரமானது.

என் மனத்தை உறுத்துவது இவற்றினும் வேறானது. தூத்துக்குடிப் பக்கமிருந்து 765 கிலோவோல்ட் தரத்தில் அமைந்து வரும் மின்பாதை, தருமபுரி வட்டாரத்துத் துணைமின் நிலையத்தைத் தொட்டுக் கர்நாடகத்தின் மதுகிரிக்குச் செல்கிறது. அனல் மின்சாரமும் காற்று மின்சாரமும் கலந்தோடும் இத்தகைய கம்பிகளின் கீழே தென்னையும் மாவும் ஓங்கி வளர இடமில்லை. வீடு கட்டவும் இயலாது. நிலத்தின் விலையும் சரிகிறது. காற்றாலைக்கு இடம் தந்தவர் கிரயமோ வாடகையோ பெறுகிறார். கம்பிக்கு இடம் தந்தவரின் நிலமோ, 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டத்தை ஆதாரமாகக் கொண்டு, கையகப்படுத்தப்படாமலேயே கட்டுண்டு போயிற்று.

கோபுரம் நிற்கும் இடத்துக்கு நிலமதிப்பில் 85 சதவிகிதமும், கம்பியின் கீழுள்ள நிலத்துக்கு அதிகபட்சம் 15 சதவிகிதமும் தரலாமென 2015இல் வழிகாட்டிய மத்திய மின்துறை, 2024இல் அவற்றை முறையே இரு மடங்கு நிலமதிப்பாகவும் 30 சதவிகிதமாகவும் உயர்த்தியது. முன்னரே கம்பி இழுக்கப்பட்டுவிட்ட நிலங்களின் குடியானவர்களுக்கும் அவ்விகிதத்தை அளிப்பதோடு, கம்பி தலைக்குமேல் ஓடும் காலமெல்லாம் ஆண்டு வாடகையும் தர அரசாங்கம் முன்வர வேண்டும்.