சொற்களைச் சேமிக்கும் கணக்கு

தரமணியில் எங்கள் குடியிருப்பில் வசிக்கும் இளம் செவிலியர் ஒருவர், ஜெர்மனியில் பணிபுரியும் விருப்பத்துடன் அம்மொழியைக் கற்று வருகிறார். அங்கு செவிலியராக முழுப் பதிவு பெறப் பொதுவாக 'பி2' நிலைத் தேர்ச்சி வேண்டும். வகுப்புக் கட்டணத்துக்காக வீட்டு நகைகள் அடகுக்குப் போயிருக்கின்றன. இருமுறை தேர்வில் தவறிய பின் என்னிடம் வந்தார். "படிக்கும்போது எல்லாம் தெரிகிறது, ஐயா. தேர்வில் ஒரு சொல்கூட நினைவுக்கு வருவதில்லை" என்றார். ஒவ்வொரு சொல்லையும் பத்து முறை எழுதி நிரப்பிய நான்கு குறிப்பேடுகளைக் காட்டினார்.

அவற்றைக் கண்டபோது எனக்குக் குற்ற உணர்வே மேலிட்டது. பொருளியல் கற்பித்த முப்பது ஆண்டுகளிலும் "திரும்பத் திரும்பப் படியுங்கள்" என்றே நானும் மாணவர்களுக்குச் சொல்லி வந்தேன். இந்தப் பெண்ணின் உழைப்பில் குறையில்லை. உழைப்பு செலவான விதத்தில்தான் பிழை.

ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, மறதியை அளந்து 1885-இல் நூலாக வெளியிட்டார். கற்றதில் பாதிக்கு மேல் ஒரு மணி நேரத்திலேயே தேய்ந்துவிடுவதைக் கண்டார். இன்னொரு கணக்கையும் அவர் தந்தார். 12 அசைகள் கொண்ட வரிசையை ஒரே நாளில் 68 முறை படித்துப் பெற்ற பயனை, மூன்று நாள்களில் பிரித்துப் படித்தபோது 38 முறையிலேயே பெற்றார். ஏறத்தாழப் பாதி உழைப்பு மிச்சம். எந்தப் பொருளியல் மாணவரும் மதிக்க வேண்டிய சிக்கனம் இது.

அடுத்த உண்மை இன்னும் முக்கியமானது. அமெரிக்க ஆய்வாளர்கள் கார்ப்பிக்கும் ரோடிகரும் 40 சுவாஹிலிச் சொற்களை மாணவர்களுக்குக் கற்பித்து நடத்திய ஆய்வு, 2008-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியானது. ஒரு சொல்லைச் சரியாகச் சொன்ன பிறகும் தொடர்ந்து வினவப்பட்டவர்கள், ஒரு வாரம் கழித்து ஏறத்தாழ 80 விழுக்காட்டை நினைவுகூர்ந்தனர். வினவுவதை நிறுத்திவிட்டுச் சொல்லைப் பார்க்க மட்டும் தந்தபோது, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே மிஞ்சியது. எவ்வளவு நினைவிருக்கும் என முன்கூட்டிக் கேட்டபோது எல்லாக் குழுவினரும் பாதியளவே கூறினர். தமக்கு எது பயன்படுகிறது என்பதைக் கற்பவரே உணர்வதில்லை.

காரணம் எளியது. பக்கத்தைப் பார்க்கும்போது சொல் கண்முன் இருக்கிறது. பழகிய முகம்போலத் தோன்றுவதால் தெரிந்ததாக எண்ணிவிடுகிறோம். நோயாளியின் முன்னிலையில் அதை உள்ளிருந்து எடுத்துத் தர வேண்டும். அந்த எடுக்கும் வேலைக்குத்தான் பயிற்சி தேவை.

நம் முன்னோர் இதை நடைமுறையில் அறிந்திருந்தனர். பழந்தமிழ் அச்சு நூல்களைக் காக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் எங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தொலைவில் உள்ளது. அவ்வழியே செல்லும்போதெல்லாம் நிகண்டுகள் என் நினைவுக்கு வரும். மண்டல புருடர் சூடாமணி நிகண்டை விருத்தப்பாவில் யாத்தார். பலபொருள் ஒரு சொற்களை எதுகை வரிசையில் அமைத்தார். திண்ணைப் பள்ளி மாணவன் ஏட்டை மூடிவிட்டுச் சட்டாம்பிள்ளையிடம் ஒப்பிக்க வேண்டும். 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்குவும் சிறுவர்களோடு அமர்ந்து, மணலில் விரலால் எழுதித்தான் தமிழ் கற்றார். 1732-இல் வீரமாமுனிவர் அகரவரிசையில் சதுரகராதியைத் தந்த பிறகு சொல்லைத் தேடுவது எளிதாயிற்று. ஒப்பிக்கும் வழக்கம் பின்னர் மெல்லத் தளர்ந்தது. பொருள் விளங்காத ஒப்புவித்தலுக்கு நான் வாதாடவில்லை. ஏட்டை மூடிக் கேட்கும் அந்தப் பகுதியை மட்டுமேனும் காப்பாற்றியிருக்கலாம்.

அந்தச் செவிலியரிடம் குறிப்பேட்டுக்கு மாற்றாக அட்டைகளைத் தந்தேன். ஒருபுறம் தமிழ், மறுபுறம் ஜெர்மன். செபாஸ்டியன் லைட்னர் 1972-இல் பரப்பிய முறைப்படி, சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போய், மேலும் சில நாள் கழித்தே திரும்பி வரும். தவறியது முதல் அறைக்குத் திரும்பும். பெயர்ச்சொல்லைப் பால் காட்டும் முன்சொல்லோடு சேர்த்தே எழுதச் சொன்னேன்: காய்ச்சல் 'டாஸ் ஃபீபர்', காயம் 'டி வுண்டே'. பிடிபடாத சொல்லுக்கு ஒரு காட்சியை அவரே அமைத்துக்கொள்கிறார். நுரையீரலுக்கு 'லுங்கே' என்பது சொல். கொடியில் காற்றடித்து உப்பும் லுங்கியை நினைத்தாராம். அதன்பின் அதை மறக்கவில்லை.

மூன்றாம் தேர்வு இனிமேல்தான். நள்ளிரவுப் பேருந்தில் பத்து நிமிடம், காலையில் பத்து நிமிடம் என்று அட்டைகளைப் புரட்டுகிறார். முன்பைவிட அதிகம் தவறுவதாக வருந்தினார். முயன்று தவறி, உடனே திருத்திக்கொள்வதும் கற்றலின் பகுதியே என்றேன்.

மொழிப் பயிற்சி நிலையங்களுக்கு என் வேண்டுகோள் ஒன்று உண்டு. நாள்தோறும் புதுப் பட்டியல் தருவதற்கு முன், சென்ற வாரச் சொற்களை மதிப்பெண் இன்றிப் பத்து நிமிடம் கேளுங்கள். கூடுதல் செலவில்லாத இந்தச் சீர்திருத்தம், கடன் வாங்கிக் கற்க வரும் குடும்பங்களுக்கு நீங்கள் செய்யக்கூடிய பேருதவி.