தராசின் கடைசி இலக்கம்

யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் நகை வாங்கப் போனவர்கள் கண்டிருப்பார்கள்: மோதிரத்தைத் தட்டில் வைத்தபின் தராசின் கடைசி இலக்கம் சிலவேளை நிலைகொள்ளாமல் ஆடும். 8 கிராம் பவுணில் 0.02 கிராம் சிறிதுதான். ஆனால் அது யார் பக்கம் போகிறது என்பதல்லவா கேள்வி!

இத்தகைய சிறு தராசுகள் பலவற்றின் உள்ளே இருப்பது ஓர் அலுமினியச் சட்டம். பாரம் ஏறினால் கண்ணுக்குத் தெரியாமல் வளையும். அதில் ஒட்டிய நான்கு மெல்லிய தடைகள் வீற்ஸ்டன் பாலமாக இணைந்து அந்த வளைவை மின்னழுத்தமாக்கும். 5 வோற்று கொடுத்தால் முழுப் பாரத்துக்கும் கிடைப்பது 10 மில்லிவோற்று அளவே. 500 கிராம் தராசு 0.01 கிராம் வரை காட்ட அதை 50,000 கூறாக்க வேண்டும். ஒரு கூறு 0.2 மைக்ரோவோற்று.

இதை எண்ணாக்குவது ஏ.டி.சி. என்னும் ஐ.சி. மலிவான எச்.எக்ஸ்.711 கூட 24 பிற் கொண்டது, 16,777,216 படிகள். படி கூடியதால் செம்மை கூடிவிடாது. கீழ்ப் படிகள் இரைச்சலில் மூழ்கிக் கிடக்கும். தமிழ் படித்த எனக்கு இரைச்சல் என்றால் காதுக்குக் கேட்பது. "சேர், இது கேக்காத இரைச்சல்" என்றார் தராசு திருத்துகிற ஒருவர்.

வீட்டு மின்சாரம் 50 ஹேற்சு. ஒரு சுற்று 20 மில்லிசெக்கன். 100 மில்லிசெக்கன் சராசரி எடுத்தால் ஐந்து முழுச் சுற்று அடங்கும்; மேடும் பள்ளமும் ஒன்றையொன்று அழித்துவிடும். அந்த ஐ.சி.யில் செக்கனுக்கு 10 வாசிப்பு, 80 வாசிப்பு என இரு தெரிவு உண்டு. வேகத்துக்கு ஆசைப்பட்டு 80 ஐத் தெரிந்தால் 12.5 மில்லிசெக்கனில் ஒரு சுற்றே முழுதாய் அடங்காது.

அடுத்தது, கொடுக்கும் 5 வோற்று. அது 5 மில்லிவோற்று தளர்ந்தால் 100 கிராம் 99.90 ஆகத் தெரியும். ஆகவே பாலத்துக்குக் கொடுக்கும் அழுத்தத்தையே ஏ.டி.சி.க்கும் அளவுகோலாகக் கொடுப்பார்கள். பொருளும் படிக்கல்லும் ஒரே விகிதத்தில் குறைந்தால் விடை மாறாதே! பழைய இருதட்டுத் தராசின் புத்திதான் இது. வேகமான நடுக்கத்துக்கு ஐ.சி.யின் காலருகே 0.1 மைக்ரோபரட்டுக் கொள்ளளவி ஒன்று. அரை அங்குலம் தள்ளி வைத்தாலும் பயன் குறையும்.

அன்று அவர் செய்தது இவ்வளவுதான்: சமிக்ஞை வயர் இரண்டையும் முறுக்கினார், பக்கத்திலிருந்த போன் சார்ஜரைத் தள்ளிவைத்தார். இலக்கம் அடங்கியது, ஆனாலும் முழுதாய் இல்லை. மேலே பார்த்துச் சிரித்தார். "விசிறிய நிப்பாட்டுங்க சேர். இது கறண்ட் இல்ல, காத்து."