பார்க்கிங்கில் நின்ற காரின் டயரும் பந்தயம் ஓடியது!

1950 செப்டம்பர் 4, திங்கட்கிழமை. அமெரிக்காவில் தொழிலாளர் தின விடுமுறை. தெற்குக் கரோலினாவின் டார்லிங்டன் என்ற சின்ன ஊரில் கால் வைக்க இடமில்லை. ஏறத்தாழ 25,000 பேர் வந்து குவிந்துவிட்டார்கள். ஸ்டாக் கார் பந்தயத்தில் முதன்முறையாக 500 மைல்! 75 கார்கள்! கேலரியில் உட்கார்ந்து பார்ப்பவர்கள் பார்க்கட்டும். நாம் பின்பக்கமாக நுழைவோம், வாங்க. சுவாரஸ்யமெல்லாம் அங்கேதான் கொட்டிக் கிடக்கிறது.

முதலில் அந்தக் கறுப்பு பிளிமத் காரைப் பாருங்கள். பந்தயத்துக்கு முந்தைய நாட்களில் இது எடுபிடி வண்டி. சாமான் வாங்க, சேதி சொல்ல, ஆளை ஏற்றி இறக்க ஊருக்குள் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டாக் கார் பந்தயங்களை நடத்தும் நாஸ்கார் அமைப்பின் தலைவர் பில் ஃபிரான்ஸுக்கு இதில் பங்கு உண்டு. பந்தய வீரர் கர்டிஸ் டர்னருக்கும் உண்டு, அவரோ இதே பந்தயத்தில் வேறு காரில் முதல் வரிசையில் நிற்கிறார்! பதிவேட்டில் உரிமையாளராக இருக்கும் பெயர் ஹியூபர்ட் வெஸ்ட்மோர்லேண்ட். ஆளை மறந்துவிடாதீர்கள். முந்தைய வருஷம் ஜூனில் சார்லட்டில் நடந்த நாஸ்காரின் முதல் 'ஸ்ட்ரிக்ட்லி ஸ்டாக்' பந்தயத்தில் முதலாவதாக வந்ததும் இவருடைய கார்தான். கள்ளச்சாராயம் கடத்தத் தோதாக ஸ்பிரிங்கை மாற்றியிருந்தது சோதனையில் தெரியவந்து, வெற்றி பறிபோனது.

இந்த பிளிமத்தின் எஞ்சின் 97 குதிரைத்திறன். பக்கத்தில் மினுக்கிக்கொண்டு நிற்கும் கேடிலாக்குக்கு 160. தகுதிச் சுற்றில் டர்னர் மணிக்கு 132 கிலோமீட்டர் வேகம் காட்டினார். பிளிமத்தால் 118-ஐத்தான் எட்ட முடிந்தது. இண்டியானாபோலிஸ் 500 மைல் பந்தயத்தின் பாணியில் மூன்று மூன்று காராக 25 வரிசை கட்டினார்கள். அதில் நம் வண்டிக்கு 43ஆவது இடம், அதாவது பதினைந்தாவது வரிசை. கதவில் '98 ஜூனியர்' என்று எழுதியிருக்கிறது. ஓட்டப்போகும் ஜானி மேன்ட்ஸ் கலிஃபோர்னியாக்காரர், இண்டியானாபோலிஸில் 98ஆம் எண் காரை ஓட்டியவர். அந்தப் பெரியண்ணனுக்குத் தம்பி இது!

தெற்கத்திய வீரர்கள் பலருக்கு இல்லாத ஒன்று மேன்ட்ஸிடம் இருந்தது. தார்த்தடத்தில் 500 மைல் என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும். நாஸ்கார் அதுவரை ஓடியது பெரும்பாலும் மண் தடங்களில். மண்ணில் டயர் வழுக்கும், அதனால் பெரிதாகத் தேயாது. புதுத் தாரோ, சாய்வான வளைவில் வண்டியின் எடையை எல்லாம் வலப்பக்க டயர்கள் மேல் இறக்கி, அரத்தால் ராவுவதுபோல ராவும். செப்டம்பர் வெயில் வேறு. மேன்ட்ஸ் லாரிக்குப் போடுகிற வகை கெட்டி டயர்களை மாட்டிக்கொண்டு வந்தார். அவற்றால் வேகம் வராது, ஆனால் சீக்கிரம் தேயவும் தேயாது.

கொடி அசைந்தது. பெரிய கார்கள் சீறிப் பாய்ந்தன. கொஞ்ச நேரத்தில் ஆரம்பித்தது பாருங்கள், படார், படார்! கனமான கேடிலாக்குகளும் ஓல்ட்ஸ்மொபைல்களும் ஒன்றன்பின் ஒன்றாக டயர் வெடித்து, டயர் மாற்றும் இடமான பிட்டுக்குள் நொண்டிக்கொண்டு வந்தன. முந்தைய ஆண்டின் சாம்பியன் ரெட் பைரனின் கேடிலாக் மட்டுமே இருபதுக்கும் மேற்பட்ட டயர்களைத் தின்று தீர்த்தது. போரில் கால் சிதைந்து, அந்தக் காலுக்கு ஏற்றபடி கிளச்சை மாற்றி அமைத்து ஓட்டியவர் பைரன். அத்தனை டயர் வெடித்தும் அவர் விடவில்லை!

சரி, பிட்டில் இருந்த டயர் தீர்ந்துபோனால்? இங்கேதான் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஓடுவது ஸ்டாக் கார். ஷோரூமில் நீங்களும் நானும் வாங்குகிற அதே மாடல். தடத்துக்கு உள்ளே இருக்கும் திடலிலோ, வேடிக்கை பார்க்க வந்தவர்களின் கார்கள் வரிசையாக நிற்கின்றன. அதே ஓல்ட்ஸ்மொபைல், அதே சக்கர அளவு! மெக்கானிக்குகள் ஜாக்கியும் ஸ்பேனருமாகப் பார்க்கிங்குக்குள் பாய்ந்தார்கள். "அண்ணே, அந்த நாலு டயரையும் கொடுங்க, காசு தர்றோம்" என்கிற தோரணையில் பேரம் நடந்தது. பேரமே பேசாமல் கழற்றிப்போனதாகவும் கதைகள் உண்டு. காலையில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு வந்த டயர், மதியம் பந்தயத்தில் சுற்றுகிறது. தன் டயர் எந்த வண்டியில் ஓடுகிறது என்று தேடிப் பார்க்கும் பாக்கியம் வேறு எந்த விளையாட்டின் ரசிகனுக்கு வாய்த்திருக்கிறது?

இந்த அமளிக்கு நடுவே மேன்ட்ஸ் என்ன செய்தார்? ஒன்றும் செய்யவில்லை. அதுதான் அவருடைய சாமர்த்தியம். ஒரே நிதானம், ஒரே வேகம். மற்றவர்கள் முந்திப் போனால் போகட்டும் என்று விட்டார். அவர்கள் டயர் மாற்ற நிற்கும்போதெல்லாம் பேசாமல் கடந்துபோனார். 400 சுற்றில் 351 சுற்று முன்னணியில் இருந்தது எடுபிடி வண்டி! ஆறு மணி நேரம் 38 நிமிடம் கழித்து முடிவுக்கோட்டைத் தாண்டியபோது, இரண்டாவதாக வந்த 21 வயது ஃபயர்பால் ராபர்ட்ஸ் ஒன்பது சுற்று பின்னால் இருந்தார். பைரனுக்கு மூன்றாவது இடம். வென்ற காரின் சராசரி வேகம் மணிக்கு 121 கிலோமீட்டர். தகுதிச் சுற்றில் காட்டிய வேகத்தையே மிஞ்சிவிட்டது! பரிசு 10,510 டாலர். புது பிளிமத் ஒன்று 2,000 டாலருக்குள் கிடைத்த காலம் அது. நாஸ்காரின் முதல்நிலைப் பந்தயங்களில் மேன்ட்ஸ் ஜெயித்தது இது ஒன்றுதான், ஆனால் என்னைக் கேட்டால் வேகமான கார்கள் ஜெயித்த பத்துப் பந்தயங்களைவிட இதை ஒருபடி மேலே வைப்பேன்.

கிளம்புமுன் தடத்தையும் ஒரு சுற்றுப் பார்த்துவிடுங்கள். இதைக் கட்டிய ஹெரால்ட் பிரேசிங்டன் 1933இல் இண்டியானாபோலிஸ் பந்தயத்தைப் பார்த்து மயங்கியவர். நம்மூரிலும் ஒன்று கட்டியே தீருவேன் என்று பருத்தியும் வேர்க்கடலையும் விளைந்த நிலத்தை வாங்கினார். மண் வெட்டும் இயந்திரங்கள் கைவசம் இருந்தன, ஊர் சிரித்ததை அவர் பொருட்படுத்தவில்லை. நிலத்தைக் கொடுத்த ஷெர்மன் ராம்சே ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: ஓரத்தில் இருக்கும் என் மீன்குளத்தைத் தொடக்கூடாது. கொடுத்த வாக்குக்காக பிரேசிங்டன் மேற்கு வளைவை ஒடுக்கினார், தடம் முட்டை வடிவமாகிவிட்டது. 1953இல் நீளத்தைக் கூட்டினார்கள், ஆனாலும் முட்டை முட்டைதான். ஒரு வளைவுக்குத் தோதாக காரைச் சரிசெய்தால் அடுத்த வளைவில் அது முரண்டு பிடிக்கும். இன்றைக்கும் கணினியும் கையுமாக வரும் பொறியாளர்கள், அந்தக் குஞ்சுமீன்களைக் காப்பாற்றிய வளைவோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள்!