மர்ஹூமின் பெயரில் ஒரு புலமைப்பரிசில்: காட்டைப் படிக்கும் பிள்ளைக்கு ஏன் கொடுக்கக் கூடாது?

வத்தளையில் எங்களுக்கு உயிரியல் கற்பித்த ஆசிரியர் ஒருவர் அண்மையில் வபாத்தானார். பாடப்புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, ஹமில்டன் கால்வாய் ஓரமாக முத்துராஜவெல வரை எங்களை நடத்திக் கூட்டிச் சென்றவர். கண்டல் மரம் ஏன் சேற்றுக்கு வெளியே வேர் விடுகிறது என்பதை நான் அவரிடம்தான் கற்றேன்.

சில வாரங்களின் பின் அவருடைய மூத்த மகன் என்னைத் தேடி வந்தார். "நானா, வாப்பாட பேருல ஏதாச்சும் செய்யோணும். பள்ளிக்கி ஏசி போடவா, தண்ணித் தாங்கி கட்டவா எண்டு யோசிக்கிறோம்" என்றார்.

இரண்டும் நல்ல காரியங்கள்தான். ஆனால் எனக்கு எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஒரு பிள்ளையின் நினைவு வந்தது. உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் நல்ல பெறுபேறு எடுத்தும் இஸட் புள்ளி வைத்தியத் துறைக்குக் காணாததால் சுற்றாடல் விஞ்ஞானம் படிக்கப் போனவள். இறுதி வருட ஆய்வுக்கு மழைக்காட்டில் பல வாரம் தங்க வேண்டி இருந்தது. பஸ் காசு, தங்குமிடம், அட்டை புகாத காலுறை, இரவல் வாங்க முடியாத தொலைநோக்கி என்று செலவு கூடிக்கொண்டே போனது. கடைசியில் காட்டை விட்டுவிட்டு, வீட்டிலிருந்தே செய்யக்கூடிய ஒரு தலைப்புக்கு மாறிக்கொண்டாள். "மரம் எண்ணவா கெம்பஸ் போனாய்?" என்று சொந்தக்காரர்கள் கேட்டது வேறு.

அவளைப் போன்ற ஒரு பிள்ளைக்கு வாப்பாவின் பெயரில் புலமைப்பரிசில் கொடுக்கலாமே என்றேன். அவர் யோசித்தார். அவருடைய தங்கை உடனே கேட்டார்: "மரம் படிக்கிற பிள்ளைக்கிக் குடுத்தா வாப்பாக்கு நன்மை போய்ச் சேருமா?" அவருக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

நன்மை சேருமா?

மனிதன் மரணித்த பின்னரும் நின்றுவிடாத மூன்று விடயங்களை ஜனாஸா வீடுகளில் நாம் திரும்பத் திரும்பக் கேட்கிறோம்: நிலையான தர்மம், பயன்தரும் கல்வி, துஆச் செய்யும் ஸாலிஹான பிள்ளை. பிள்ளைகள் தம் தந்தையின் பெயரில், வருடா வருடம் தொடரும் ஒரு நிதியிலிருந்து, ஒரு மாணவரின் கல்விக்குக் கொடுத்தால் இம்மூன்றும் ஒரே இடத்தில் சேர்கின்றன. நட்ட மரத்திலிருந்து பறவையோ மிருகமோ மனிதனோ உண்டால் அதுவும் தர்மமே என்பது நபி (ஸல்) அவர்களின் போதனை. ஒரு மரத்துக்கே அப்படியென்றால், ஒரு காட்டைக் காக்கக் கற்றுக்கொள்ளும் பிள்ளைக்கு உதவுவதைப் பற்றிச் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

பெயர் எப்படி வாழ்கிறது?

இதற்கு நல்ல உதாரணம் பக்கத்து நாட்டில் இருக்கிறது. 1896 இல் பம்பாயில் ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த சாலிம் அலி, சிறு வயதிலேயே தாய் தந்தையரை இழந்து மாமா வீட்டில் வளர்ந்தவர். பல்கலைக்கழகப் பட்டம் இல்லாததால் ஒரு விஞ்ஞான உத்தியோகமும் கைநழுவிப் போனது. அப்படிப்பட்டவர்தான் இந்தியத் துணைக்கண்டத்தின் பறவை ஆய்வுக்கே முகவரியானார். பின்னாளில் தனக்குக் கிடைத்த பெரும் சர்வதேசப் பரிசுப் பணத்தை இயற்கைப் பாதுகாப்புக்கான நிதியமாக மாற்றினார். கோயம்புத்தூருக்கு அருகே ஆனைகட்டியில் இயங்கும் பறவையியல், இயற்கை வரலாற்று ஆய்வு நிலையம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அந்த நிலையத்தின் பணிப்பாளராக இருந்தவர் ரவி சங்கரன். அந்தமான் குகைகளில் உழவாரக் குருவியின் கூடுகளைத் திருடி விற்றவர்களை எதிரிகளாகப் பார்க்காமல், அவர்களையே கூடுகளின் காவலர்களாக மாற்றிக் காட்டியவர். 2009 ஜனவரியில், நடுத்தர வயதிலேயே, திடீரென மறைந்தார். அவர் நினைவாக இன்லாக்ஸ் அறக்கட்டளையின் ஆதரவில் ஒரு புலமைப்பரிசில் திட்டம் தொடங்கப்பட்டது. வெளிநாட்டில் முதுகலை படிக்கப் பெரிய தொகை, அனுபவம் பெறச் சில மாதப் பயிற்சி, களஆய்வுக்குச் சிறு கொடை என்று அதில் பல அளவுகள் உண்டு. பெரிய தொகை இல்லாவிட்டால் சிறு கொடையோடு தொடங்கலாம் என்பதுதான் நமக்கு இதில் உள்ள பாடம்.

இது நமக்கு ஏன் முக்கியம்?

வத்தளையில் இருப்பவர்களுக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை. 2016 மே மாதம் களனி கங்கை பெருகியபோது நம்மில் எத்தனை பேர் மேல்மாடியில் இருந்தோம்? அந்த வெள்ள நீரைக் குடித்து மெதுவாக விடுவது முத்துராஜவெலதான். 2003 இல் இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியம் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, அச்சதுப்பு நிலம் வருடத்துக்குச் சுமார் 726 மில்லியன் ரூபா பெறுமதியான சேவையைத் தருகிறது. அதில் சுமார் 485 மில்லியன் வெள்ளத் தணிப்பு மட்டும். அன்றைய ரூபாவின் பெறுமதியில் போட்ட கணக்கு அது. அதன் வடபகுதி 1996 இல் சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்ட பின்னரும் குப்பையும் மண் நிரப்புதலும் ஓயவில்லை. 2021 இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்தபோது சரக்குவ கடற்கரையில் முழங்கால் அளவு குவிந்த பிளாஸ்டிக் குறுணிகளையும் நாம் மறக்கவில்லை.

நமது சமூகத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. 1990 இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட மக்கள் யுத்தத்தின் பின் முசலிக்குத் திரும்பியபோது, பற்றை படர்ந்திருந்த காணிகளை வன எல்லைக்குள் அடக்கி 2012 இல் வர்த்தமானி வந்தது. 2017 இல் மாவில்லு பேணற்காடு பிரகடனமானது. 2020 நவம்பரில் கல்லாறு காட்டைத் துப்பரவு செய்தது சட்டவிரோதம் என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வருடங்களில் நாம் மேடைகளில் நிறையப் பேசினோம். ஆனால் செய்மதிப் படத்தை விரித்து, எந்தப் பற்றை எத்தனை வருடத்தது, எது பழைய குடியிருப்பு, எது உண்மையான காடு என்று ஆதாரத்தோடு எடுத்துச் சொல்லக்கூடியவர்கள் நம்மில் மிகக் குறைவாகவே இருந்தார்கள். அப்படியொருவர் இருந்தால், நியாயம் நம் பக்கம் உள்ள இடத்தில் நிரூபிப்பார். நாம் தவறும் இடத்தில் நமக்கே எடுத்துச் சொல்லுவார். இரண்டும் நமக்குத் தேவை.

ஒரு பெரிய திட்டத்தின் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை மக்களின் கருத்துக்காக 30 நாட்கள் திறந்து வைக்கப்படுகிறது. அதை வாசித்துப் பதில் எழுதவும் படித்த ஒருவர் வேண்டும்.

எப்படி அமைப்பது?

அந்தக் குடும்பத்துக்கு ஒரு கடை வாடகை வருகிறது. மாதம் 30,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 360,000. இரண்டு மாணவர்களுக்கு மாதம் 10,000 வீதம் கொடுத்தால் 240,000 போகும். மீதி 120,000 இல், களஆய்வுக்கென்று ஒருவருக்கு 80,000 கொடுக்கலாம். 40,000 ஐக் கடைத் திருத்த வேலைக்கு ஒதுக்கலாம். மூலதனத்தில் கை வைக்கவில்லை, வட்டியும் கலக்கவில்லை. கைபரில் கிடைத்த நிலத்தை என்ன செய்வது என்று உமர் (ரழி) அவர்கள் கேட்டபோது, நிலத்தை நிறுத்திவைத்து அதன் விளைச்சலைத் தர்மம் செய்யும்படி நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டிய முறை இதுதான். 1956 ஆம் ஆண்டின் 51 ஆம் இலக்க வக்ஃப் சட்டத்தின் கீழ் இதைப் பதிவு செய்யவும் வழி இருக்கிறது. உறுதியை எழுதும் முன் ஒரு சட்டத்தரணியிடமும் ஓர் ஆலிமிடமும் காட்டிக்கொள்வது நல்லது.

மஹாபொல போன்ற அரச உதவி சாப்பாட்டுக்கும் போர்டிங்குக்குமே போதாது. காட்டுக்குப் போகும் செலவை அது தாங்காது. ஆகவே நினைவுப் புலமைப்பரிசில் குறிவைக்க வேண்டியது அந்த இடைவெளியைத்தான். ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகத்தில் வனவியல், சுற்றாடல் விஞ்ஞானத் துறை இருக்கிறது. நுவரெலியாவில் வனவியல் நிறுவகம் இருக்கிறது. சம்மாந்துறையில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் இருக்கிறது. மாணவர்களைத் தேடி அலைய வேண்டியதில்லை.

மூன்று விடயங்களில் மட்டும் கவனம் வேண்டும். முதலாவது, தெரிவைக் குடும்பத்தினர் செய்யக் கூடாது. துறை தெரிந்த இருவரையும் ஊர் ஆசிரியர் ஒருவரையும் கொண்ட சிறு குழு போதும். இரண்டாவது, பெரிய காசோலையோடு படம் எடுத்துவிட்டு மறு வருடம் மறந்துவிடக் கூடாது. ஐந்து வருடத்துக்குத் தாங்காத திட்டத்தைத் தொடங்குவதை விடத் தொகையைப் பாதியாக்குவது நல்லது. மூன்றாவது, புலமைப்பரிசில் பெறுபவர் வருடத்துக்கு ஒரு தடவை ஊர்ப் பிள்ளைகளை முத்துராஜவெலவுக்குக் கூட்டிச் செல்ல வேண்டும். இந்த நிபந்தனை ஒன்றே போதும்.

முஸ்லிம் பிள்ளைகளுக்கு மட்டுமா என்றும் கேட்டார்கள். இரண்டு இடத்தில் ஒன்றை எல்லோருக்கும் திறந்து விடுங்கள் என்றேன். வெள்ளம் வந்தால் யாருடைய வீடு என்று பார்த்து நுழைவதில்லை. அந்த ஆசிரியரும் அப்படிப் பார்த்துக் கற்பித்தவர் அல்ல.

போன கிழமை மகன் தொலைபேசியில் பேசினார். முதல் வருடம் ஒரு மாணவருக்கு மட்டும் கொடுத்துப் பார்ப்பதாகக் குடும்பத்தில் முடிவாகி இருக்கிறதாம். கேள்வி கேட்ட தங்கைதான் விண்ணப்பப் படிவத்தை எழுதிக்கொண்டிருக்கிறார். வல்ல அல்லாஹ் அந்த ஆசிரியரின் கப்ரை விசாலமாக்குவானாக. இன்னும் சில குடும்பங்களுக்கும் இந்த எண்ணத்தைக் கொடுப்பானாக.