நெஞ்சுக்குள் பிறவிக் கட்டி: சாதாரணம் என்று விட்டுவிடலாமா?

காய்ச்சலுக்காகவோ, வளைகுடா விசா மெடிக்கலுக்காகவோ எடுக்கும் நெஞ்சு எக்ஸ்ரேயில் சிலருக்குத் தற்செயலாக ஒரு கட்டி தெரியவரும். சி.டி. ஸ்கேன் பார்த்துவிட்டு, "இது பிறவியிலேயே உள்ள நீர்க்கட்டி, புற்றுநோய் அல்ல" என்று டாக்டர் சொன்னதும் நிம்மதி வந்துவிடுகிறது. வலியோ தொந்தரவோ இல்லாததால் பலர் அதை அப்படியே மறந்துவிடுகிறார்கள். அப்படி மறந்துவிடக் கூடாது.

எப்படி உருவாகிறது?

கரு உருவான முதல் சில வாரங்களில் மூச்சுக்குழாயும் உணவுக்குழாயும் ஒரே குழாயிலிருந்து பிரிந்து வளர்கின்றன. அப்போது மூச்சுக்குழாயின் சிறு மொட்டு ஒன்று தனியே பிரிந்து தங்கிவிட்டால், அது சளி போன்ற திரவம் நிறைந்த பையாகிறது. இதற்கு பிராங்கோஜெனிக் சிஸ்ட் என்று பெயர். பெரும்பாலும் இரு நுரையீரல்களுக்கும் நடுவே இருக்கும். சிலருக்கு நுரையீரலுக்குள்ளேயே இருக்கும். தாய் சாப்பிட்டதாலோ செய்ததாலோ இது வருவதில்லை.

கட்டியில் கிருமித் தொற்றோ இரத்தக் கசிவோ ஏற்படலாம். பெரிதாகி மூச்சுக்குழாயை அழுத்தினால் இருமலும் மூச்சுத்திணறலும் வரும். உணவுக்குழாயை அழுத்தினால் விழுங்கச் சிரமமாக இருக்கும்.

புற்றுநோயாக மாறுமா?

மிக அரிதாக மாறலாம். பையின் உட்சுவரில் உயிருள்ள செல்கள் இருக்கின்றன. அவை பல ஆண்டுகளுக்குப் பிறகு புற்றுநோயாக மாறியது சில நோயாளிகளிடம் கண்டறியப்பட்டுள்ளது. ஊசியால் திரவத்தை உறிஞ்சி எடுத்தாலும் சுவர் உள்ளேயே தங்கிவிடுவதால் கட்டி மீண்டும் வரக்கூடும். அதனால்தான் அறுவை சிகிச்சையில் சுவரோடு முழுவதும் அகற்றி, திசுவைப் பரிசோதனைக்கு அனுப்புகிறார்கள். இன்று பலருக்கு இதைச் சிறு துளைகள் வழியாகவே செய்ய முடிகிறது.

குழந்தைகளுக்குக் கூடுதல் கவனம்

ப்ளூரோபல்மனரி பிளாஸ்டோமா என்பது சிறு குழந்தைகளுக்கு வரும் அரிய நுரையீரல் புற்றுநோய். ஆரம்பத்தில் இது சாதாரண நீர்க்கட்டி போலவே ஸ்கேனில் தெரியும். திசுப் பரிசோதனையில்தான் உறுதியாகச் சொல்ல முடியும். இந்தக் குழந்தைகளில் பலருக்கு டைசர்1 என்ற மரபணுவில் பிறவி மாற்றம் இருக்கிறது. எனவே குடும்பத்தில் யாருக்காவது சிறுவயதில் நுரையீரல் கட்டி, சிறுநீரகக் கட்டி, தைராய்டு கட்டி வந்திருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

நாம் செய்ய வேண்டியது

தொந்தரவு இல்லாத கட்டியை எடுப்பதா, கண்காணிப்பதா என்பது வயது, கட்டியின் அளவு, இருக்கும் இடம் ஆகியவற்றைப் பொறுத்தது. "எடுக்காவிட்டால் என்ன ஆகலாம்? அடுத்த ஸ்கேன் எப்போது?" என்று நேரடியாகக் கேளுங்கள். பழைய ஸ்கேன் படங்களைப் பத்திரப்படுத்துங்கள். கட்டி வளர்ந்திருக்கிறதா, சுவர் தடித்திருக்கிறதா என்று ஒப்பிட அவை உதவும். இருமலில் இரத்தம், நீடிக்கும் நெஞ்சுவலி, காரணமில்லாத எடைக்குறைவு இருந்தால் அடுத்த ஸ்கேன் தேதிவரை காத்திருக்காமல் உடனே டாக்டரைப் பாருங்கள்.