சொத்தைப் பல்லில் அடைப்பு எப்படி ஒட்டுகிறது?

சேலம், நாமக்கல் மாவட்டங்களில் சில ஊர்களின் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு, லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டுகிறது. அந்த நீரைக் குடித்து வளரும் பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை ஏறும். அந்தப் பல் சொத்தையானால் அடைப்பதும் சற்றுச் சிரமம்தான்.

பல் நிறத்தில் அடைக்கும் காம்போசிட் தானாகப் பல்லைப் பிடிக்காது. முதலில் பாஸ்பாரிக் அமிலத்தைச் சில நொடிகள் பூசிக் கழுவுவார்கள். எனாமலில் கண்ணுக்குத் தெரியாத நுண்குழிகள் உண்டாகும். ஒட்டும் பிசின் அவற்றுக்குள் வேர்விட்டதுபோல் இறுகிக்கொள்ளும். அமெரிக்கப் பல் மருத்துவர் மைக்கேல் புவோனகோர் 1955இல் காட்டிய அருமையான வழி இது. ஆனால் ஃபுளோரைடு மிகுந்த எனாமல் அமிலத்தில் எளிதில் கரைவதில்லை. அதனால் மருத்துவர் மேற்பரப்பை லேசாக உரசிவிடுவார், அல்லது அமிலத்தைக் கூடுதல் நேரம் வைப்பார்.

நீல ஒளியில் இறுகும்போது காம்போசிட் கொஞ்சம் சுருங்கும். ஒட்டு பலமில்லை என்றால் விளிம்பில் இடைவெளி விழும். அதன்வழி கிருமி புகுந்து மறுபடி சொத்தையாகும். மற்றோர் அடைப்புப் பொருளான கிளாஸ் அயனோமர் சிமெண்ட் அப்படியல்ல, பல்லிலுள்ள கால்சியத்தோடு வேதிமுறையில் பிணையும். தேய்மானத்தைத் தாங்குவதில் மட்டும் காம்போசிட்டைவிடக் குறைவு.

எச்சில் பட்டால் ஒட்டு கெடும். ஆகவே மருத்துவர் பஞ்சு வைத்து அடைக்கும்போது வாயை மூடாமல் பொறுத்திருங்கள். அடைத்துச் சில வாரங்களுக்குப் பிறகும் பல் கூசினால் தள்ளிப்போடாதீர்கள். சேலத்திலும் திருச்செங்கோட்டிலும் பல் மருத்துவக் கல்லூரிகளே இருக்கின்றன, போய்க் காட்டுங்கள்.